கழுவாத சவ்வு

உங்கள் விசாரணை அறை நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஆடுகிறது, ஆடுகிற எதன்மீதும் என்னால் சும்மா இருக்க முடியாது. அதனால் நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொழிலிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வடிகட்டிச் சவ்வு செய்கிறோம். மெல்லிய தாள் மாதிரி இருக்கும். பூச்சிமருந்து கலந்த தண்ணீரை அதில் விட்டால் மருந்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். சூட்சுமம் இதுதான்: சவ்வைத் தயாரிக்கும்போதே அந்த மருந்தை அதில் கலந்துவிடுவோம். இறுகியபின் ஆல்கஹாலும் அமிலமும் விட்டுக் கழுவி எடுத்தால், ஈரமாவில் விரலை அழுத்தி எடுத்ததுபோல மருந்தின் உருவத்திலேயே குழிகள் நிற்கும். பிறகு அதே மருந்து வந்தால் அதில் போய் உட்காரும். வேறெதற்கும் அங்கே இடமில்லை.

கழுவுவதுதான் பெரிய வேலை. அரைகுறையாக விட்டால் உள்ளே தங்கிய விஷம் பின்னால் தண்ணீரில் இறங்கும். அது என் பொறுப்பு. கழுவும்போது மட்டும்தான் எனக்குக் கை பரபரக்காது.

கூடத்துக்குத் தலைவர் என் தங்கையின் கணவர். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்; தங்கையை அவருக்குக் கட்டிவைத்ததே நான்தான். போன மாதம் கழுவும் நாட்களைப் பாதியாகக் குறைத்தார். கூடாது என்றேன். எல்லார் முன்னாலும் சிரித்தார்.

“மச்சான், இந்த வேகத்துல போனா நாம ரிட்டயராகுறதுக்குள்ள ஒரு சவ்வுகூட வெளிய போகாது. பேசாம நீங்க ஒரு சலவைக்கடை வைங்க.”

அன்றிலிருந்து எனக்குச் ‘சலவை’ என்று பேர். கோபம் வந்தது, மறைக்கவில்லை. வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த சட்டையையே மறுபடி துவைத்தேன்.

சொன்னால் கேட்காதவனுக்குப் பட்டால்தான் புரியும். மேலோட்டமாக ஓர் அலசு அலசிய சவ்வுகளை அடுக்கி ஒரு வடிகட்டி செய்தேன். எங்கள் சோதனையில் அது தேறிவிட்டது. விஷத் தண்ணீரை விட்டு எவ்வளவு குறைகிறது என்றுதான் பார்ப்போம். நல்ல தண்ணீரை விட்டு என்ன கூடுகிறது என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளையே அதற்கு முத்திரை குத்தினார். அவர் வீட்டுச் சமையலறையில் நானே மாட்டினேன். அந்த வீட்டுக் குழாயில் வருவது நல்ல தண்ணீர்.

தங்கைக்கு ஒரே பெருமை. “எங்க வீட்டுக்காரர் செஞ்சது” என்று அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் பகல் முழுக்க ஆய்வுக்கூடத்திலேயே கிடப்பவர். வீட்டில் இருந்தது அவள்தான். முதலில் வாந்தி, பிறகு கை நடுக்கம், பிறகு கண்மங்கல். தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் வடிகட்டியைக் கழற்றக் கைவைத்தேன், பிறகு கையை எடுத்துவிட்டேன். பாதியில் நிறுத்தினால் வெறும் வயிற்றுக்கோளாறு என்று மூடிவிடுவார்கள். அரைச் சோதனை சோதனையே ஆகாது. உங்கள் தொழிலிலும் இதை ஒப்புக்கொள்வீர்கள்.

“குழாய்த் தண்ணிதான் சரியில்ல போலிருக்குண்ணா” என்றாள்.

“அப்ப வடிகட்டின தண்ணியையே நிறையக் குடிம்மா” என்றேன்.

அவள் போய்விட்டாள். உடலைச் சோதித்ததில் எங்கள் சவ்வில் கலக்கும் அதே பூச்சிமருந்து என்று வந்தது. அழுதேன், நிஜமாகவே அழுதேன். மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு, “நான்தான் கொன்னுட்டேன் மச்சான், நீங்க சொன்னதைக் கேட்கலையே” என்றபோது அவரைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னேன். கழுவும் நாட்களைப் பழையபடி ஆக்கிவிட்டார். இதை நீங்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். இனி எத்தனையோ வீடுகள் பிழைக்கும்.

ஆமாம், செய்தவனும் நான், மாட்டியவனும் நான், கழற்றாமல் விட்டவனும் நான். ஆனால் உயிரை எடுக்கிற அளவுக்கு அதில் விஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கடைசியாகப் போனபோது அவள் நடுங்கும் கையால் ஒரு டம்ளரைப் பிடித்து, பாதி சிந்தி, என்னிடம் நீட்டினாள்.

“வெயில்ல வந்திருக்க. குடிண்ணா.”

எனக்குத் தாகமில்லை என்று சொல்லிவிட்டேன்.