லேபின் மெயின் சுவிட்ச்

புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டு இளைஞன் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னான்: "தலையாட்டினது நான்தான்க்கா."

"எதுக்கு?"

"நான் வேலை பாக்கற காலேஜ் லேப்ல முப்பது கம்ப்யூட்டருக்கும் லினக்ஸ் அப்டேட் ஓடிக்கினு இருந்துச்சு. அஞ்சு மணிக்கு அட்டெண்டர் முனிரத்தினம் அண்ணன் வந்து, 'மெயின் ஆஃப் பண்ணிடலாமா சார்'னு கேட்டாரு. நான் செல்லு பாத்துக்கினே தலையாட்டிட்டேன்."

"தெனம் கேக்கறவருதானே."

"ஆமா. காலையில ஒண்ணுகூட ஆன் ஆவல. ரெக்கவரி மோடுல போயி, அப்டேட்டுல பாதியில நின்ன பேக்கேஜுங்கள முடிச்சுவிட்டா எல்லாம் எழுந்துக்கும். ரெண்டு நாள் வேலை."

எனக்கும் அந்த வேலை தெரியும்; அவன் சொன்ன முறை சரிதான்.

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு வர?"

"பிரின்சிபால் கேட்டப்போ, முனிரத்தினம் அண்ணன் கேக்காமலே ஆஃப் பண்ணிட்டாருன்னு சொல்லிட்டேன்."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு முனிரத்தினம் என்னா சொன்னாரு?"

"பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. நாளையிலேர்ந்து வரவேணாம்னுட்டாங்க."

"இப்பவே பிரின்சிபாலுக்கு போன் போட்டு உண்மையச் சொல்லுடா."

"சொன்னா என்னை அனுப்பிடுவாங்கக்கா."

"அவர அனுப்பிட்டாங்களேடா."

அவன் குரல் இறங்கியது. "மத்தியானம் அவரே போன் பண்ணாரு. 'கேட்டேன்னுதான் நெனச்சேன் சார், வயசாச்சுல்ல, மறந்துட்டிருப்பேன், மன்னிச்சுக்குங்க'ன்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"பரவால்லண்ணேன்னு சொன்னேன்."