தண்டவாளப் பம்பர்

ஜீப் வாங்குகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், டீசல் எவ்வளவு குடிக்கும் என்று விசாரிப்பார்கள். முன் பம்பரைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. நான் யோசித்தேன், இன்ஸ்பெக்டர் சார். நிதானமாக, ஒன்றுக்கு மூன்றாகச் செய்து பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என் டிரைவர் கருப்புசாமியை உள்ளே வைத்திருக்கிறீர்கள். என் தங்கை கனகாவின் புருஷன் முத்துக்கிருஷ்ணன் மீது அவன் பிரேக் பிடிக்காமல் ஜீப்பை மோதிவிட்டதாக உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். ஏழை, பிள்ளைகுட்டிக்காரன். ஒரு பாவமும் அறியாதவன் அங்கே கிடப்பது என் மனசுக்கு ஒப்பவில்லை. அதற்காகத்தான் வந்தேன். வேறு காரணமில்லை.

என் ஜீப் எண்பத்து நாலில் சர்க்கார் ஏலத்தில் எடுத்தது. பழைய வண்ணத்தை நான் மாற்றவில்லை. கதவில் இருந்த இலாகாவின் பெயரைச் சுரண்டியிருந்தார்கள், சரியாகப் போகவில்லை. அதனால் நிலக்கோட்டைப் பூச்சந்தைப் பக்கம் போனால் கான்ஸ்டபிள்கள் சல்யூட் அடிப்பார்கள். நானும் தலையசைப்பேன். மரியாதை கொடுக்கிறவர்களைத் திருத்துவது அநாகரிகம். நீங்கள்கூட இங்கே புதிதாக வந்தபோது ஒரு தடவை அடித்தீர்கள். நினைவிருக்காது.

மாப்பிள்ளையும் ஒரு ஜீப் வாங்கினார். வாங்கி, அதில் மல்லிகை மூட்டை ஏற்றினார். கலெக்டர் தலையில் சும்மாடு வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் தென்னந்தோப்புக்கும் அவருடைய பூந்தோட்டத்துக்கும் ஒரே பாதை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கிளுவை வேலி. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். ஒருநாள் அப்படி வந்தன. ஓட்டிக்கொண்டிருந்த கருப்புசாமி என்னைக் கேட்காமலே ரிவர்ஸ் போட்டுவிட்டான். பூ வண்டி, வாடிப் போகும் என்று நினைத்தானாம். பாலம் வரைக்கும் பின்னாலேயே போனோம். பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"ஏன்டி, பெரியவரு பின்னாலயே போறாரு? வீட்ல எதையும் மறந்துட்டாரோ?" என்றாள் சிவனம்மாள்.

"அடுப்புல பால வச்சுட்டு வந்திருப்பாரு," என்றாள் இன்னொருத்தி.

அத்தனை பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னைத் தாண்டும்போது கையை உயர்த்தி நன்றி காட்டினார். நன்றியை அவ்வளவு உயரத்தில் காட்டத் தேவையில்லை.

மறுநாளே திண்டுக்கல் பேகம்பூரில் நூர் முகமது பட்டறைக்குப் போனேன். முதலில் குழாய் பம்பர். பார்வைக்கு அழகு. தோப்பு மூலையில் நின்ற பட்டுப்போன பனையில் மோதிப் பார்த்தேன், வளைந்துவிட்டது. அடுத்தது சேனல் இரும்பு. அதை மரத்தில் சோதிப்பதில் அர்த்தமில்லை. பாதையில் எதிரே வருவது மரமல்லவே. என் எருமை ஒன்று மேட்டோரம் நின்றது. சொந்த எருமை, யாரும் கேள்வி கேட்க முடியாது. அதன் முன்னங்கால் இரண்டும் முறிந்தன. ஆனால் பம்பர் உள்வாங்கி ரேடியேட்டரைத் தொட்டுவிட்டது. எனக்குப் பெரிய ஏமாற்றம். எருமை சாயங்காலம் வரை கத்தியது. கருப்புசாமி தண்ணீர் கொண்டுபோய் வைத்தான், குடிக்கவில்லை.

மூன்றாவது, பழைய இரும்புக் கடையில் கிடைத்த தண்டவாளத் துண்டு.

"எதுக்கு மொதலாளி இம்புட்டு கனம்? சிறுமலைக்கா ஏறப் போறீங்க?" என்றார் நூர் முகமது.

"தோப்புக்குத்தான் பாய்."

"தென்ன மரம் எந்திரிச்சு வந்து மோதாதுங்களே."

பட்டறையில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பொருத்தச் சொன்னேன். கனத்தில் ஜீப்பின் மூக்குத் தாழ்ந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள் விட்டுப்போனது. கம்பீரம் என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். உழவுக்கு ஆகாத காளை ஒன்றின் விலாவில் வைத்துப் பார்த்தேன். காளை விழுந்தது, எழவில்லை. இரும்பில் ஒரு கீறல்கூட இல்லை. துடைத்துக் குங்குமம் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நானே ஓட்டினேன். கருப்புசாமியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவன் கைக்கு ரிவர்ஸ் பழகிவிட்டது. பாதி வழியில் மாப்பிள்ளையின் ஜீப் எதிரே வந்து நின்றது. முன்சீட்டில் கனகா, பின்னால் பூ மூட்டைகள். ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். நான் அவசரப்படுகிற ஆளில்லை.

மாப்பிள்ளை இறங்கி, இரண்டு ஜீப்புக்கும் நடுவே வந்து, என் பம்பரில் கை வைத்துக்கொண்டார்.

"மச்சான், ரிவர்ஸ் விழ மாட்டேங்குது. காலையில இருந்து மல்லுக்கட்டுறேன்," என்றார், என் காதுக்கு மட்டும் எட்டும்படி. பிறகு குரலை உயர்த்தினார். "செத்த பின்னால போங்க மச்சான், பூவு வாடுது."

கவனியுங்கள் சார். கியர் கெட்டதை மெதுவாகச் சொன்னார். என்னைப் பின்னால் போகச் சொன்னதை உரக்கச் சொன்னார். தோட்டத்துப் பெண்களுக்கு இரண்டாவதுதான் கேட்டிருக்கும். அவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

நான் கிளட்சை விட்டேன்.

பெரிய சத்தமில்லை. பனைமரத்துக்கு இதைவிட அதிகம் கேட்டது. தண்டவாளம் அவர் இடுப்பில் பதிந்து, அவரை அவருடைய ஜீப்போடு சேர்த்து நிறுத்தியது. அந்த ஜீப் சரிந்து, பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. என் பானட்டில் ரத்தம் தெறித்தது. கோபத்தில் கண் மூடித் திறப்பதற்குள் நடந்துபோன காரியம் என்று எழுத நினைப்பீர்கள். அப்படியல்ல. மாப்பிள்ளை உயிரோடுதான் இருந்தார்.

கனகா ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணே, பின்னால எடுண்ணே. ஒரு முழம் எடுண்ணே, போதும்."

கருப்புசாமி கியர்க் கம்பியைப் பிடித்தான். அவன் கையை எடுத்து அவன் மடியிலேயே வைத்தேன். என்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பெண்கள் ஓடிவந்து என் ஜீப்பைத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. நல்ல கனம்.

மாப்பிள்ளை என்னைக் கும்பிட்டார், ஒரு கையால். இன்னொரு கை இரும்புக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இப்பச் சொல்லுத்தா," என்று சிவனம்மாளைக் கேட்டேன். "யாரு பின்னால போறது?"

"உங்கள யாரும் போகச் சொல்லல சாமி. நீங்கதான் பெரியவரு. அந்த மனுசன மட்டும் விட்டுருங்க."

நியாயமாகத்தான் பேசினாள். ஆனால் அவரை விட வேண்டுமென்றால் வண்டி பின்னால் போயாக வேண்டும். சிக்கலே அதில்தான். நான் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் தலை பானட்டில் சாய்ந்துவிட்டது.

பிறகு சாவியைக் கருப்புசாமியிடம் கொடுத்தேன். இறங்கி, கனகாவைச் சுற்றிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகத் தோப்பைப் பார்த்து நடந்தேன். எனக்குப் பின்னால்தான் ஜீப் நகர்கிற சத்தம் கேட்டது. உங்கள் ஆட்கள் வந்தபோது ஸ்டியரிங்கில் கருப்புசாமி இருந்தான். அந்தப் பெண்கள் என் நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்கள், சொல்லச் சொன்னதைச் சொன்னார்கள். கனகா அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இன்று காலைப் பேப்பரில் செய்தி போட்டிருக்கிறார்கள். மோதிய அதிர்ச்சியில், உள்ளே இருந்த ரங்கசாமி, அதாவது நான், பதறிப்போய், டிரைவரோடு சேர்ந்து ஜீப்பைப் பின்னால் எடுத்து மைத்துனரை மீட்கப் பார்த்தாராம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவன் அதை உரக்கப் படித்தான். பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். முத்துக்கிருஷ்ணனைக் கொன்றது நான்தான். அந்த ஜீப் பின்னால் போனபோது நான் அதில் இல்லை.