பைய இறங்குங்க பாய்

“அந்த ஸ்டூல் வேண்டாம் முஹ்சின், கிரீஸ் ஒட்டும். இந்த டயர் மேல உக்காரு. டீ ஆறுது பாரு.”

“டீ இருக்கட்டும் மாமா. வாப்பா மவுத்தானது நான் கொண்டாந்த எண்ணெயாலதானா? அதை மட்டும் சொல்லுங்க.”

வாரம் தவறாமல் வந்து இதையே கேட்கிறாய். நானும் விதி என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். துபாய் வேலையை விட்டுவிட்டாய், இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்கிறாய். நேற்று ஜீப் ஓட்டுகிற ஐயம்பெருமாளிடம், வாப்பாவைக் கொன்றது நான்தான் என்று சொன்னாயாம். அதனால் இன்று ஒழுங்காகச் சொல்கிறேன். நடுவில் பேசாமல் கேள்.

இந்தத் தச்சநல்லூர் பட்டறையைத் தவிர உன் வாப்பா சேக் பாய் ஜீப்பை வேறு எங்கும் விட்டதில்லை. பின் சக்கரங்களுக்கு நடுவே தொங்குகிற உருண்டைக்குப் புத்தகத்தில் டிஃபரன்ஷியல் என்று பெயர். எங்களுக்கு அது கிரவுன். பற்களும் பேரிங்கும் அதற்குள் எண்ணெயில் கிடக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு முன்னாலும் ஒன்று உண்டு, ஆனால் பாரம் விழுவது பின்னால்தான். அதற்கு நூற்றி நாற்பது நம்பர் எண்ணெய் ஊற்றுவேன். விரலில் எடுத்தால் தேன் மாதிரி நிற்கும். மாஞ்சோலை மலை ஏறுகிற வண்டிக்குப் பற்களை விட்டு விலகாத எண்ணெய் வேண்டும் என்பது என் எண்ணம். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

நீ துபாயிலிருந்து வந்ததும் இரண்டு டப்பாவை என் மேசையில் வைத்தாய். “மாமா, கம்பெனி சொன்னது தொண்ணூறு. உங்க எண்ணெய் மாட்டுவண்டி அச்சுக்குத்தான் லாயக்கு.” பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை. உன் வாப்பா சொன்னதுதான். “ஏலே குமரவேலு, பிள்ளை பாலைவனத்துல வண்டி ஓட்டுனவன்லா. அவன் சொல்லுததையே ஊத்திரு.” எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று சேக் பாய் எனக்குச் சொன்னது அன்று மட்டும்தான்.

நீங்கள் சாப்பிடப் போனீர்கள். முதலில் மேல் போல்ட்டைக் கழற்றினேன். அது கழலாமல் போனால் வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. அப்புறம் கீழ் போல்ட். எண்ணெய் கறுப்பாக வடிந்தது. போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்தேன். எல்லாம் முறையாகத்தான் செய்தேன். உன் டப்பாக்களை மட்டும் திறக்கவில்லை. வடித்ததில் கொஞ்சத்தைத் திருப்பி ஊற்றி மூடினேன்.

சத்தம் வரட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கிரவுன் ஊளையிடும், வண்டி திரும்பி வரும், நீ தலையைக் குனிவாய், நான் ஒன்றும் பேசாமல் என் எண்ணெயை ஊற்றிக் கொடுப்பேன்.

போல்ட்டின் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தேன். என் கையால் எண்ணெய் மாற்றிய எல்லா வண்டிக்கும் வைப்பதுதான். அதைப் பார்த்தால் சேக் பாய் திறந்து பார்க்கமாட்டார். மாஞ்சோலை இறக்கத்தில் உருண்டு ஜீப் பள்ளத்தில் கிடந்தபோது கிரவுன் மூடி பிளந்திருந்தது. உள்ளே இருந்தது சிந்திவிட்டது என்றார்கள். பொட்டு அழியாமல் இருந்தது. அதை வைத்துத்தான் ஊற்றியது உன் எண்ணெய் என்று நீயும் நம்பினாய், உன் உம்மாவும் நம்பினார்கள். “துபாய் எண்ணெயை ஊத்தி வாப்பாவக் கொன்னுட்டியே” என்று அவர்கள் உன்னை அடித்தபோது கையைப் பிடித்து விலக்கியது நான். அந்த நல்ல காரியத்தையாவது செய்தோமே என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி டவுனுக்குள்தான் ஓடும் என்று நினைத்தேன் என்று உன்னிடம் சொல்லலாம். அது பொய். மாஞ்சோலை எஸ்டேட்டைக் காலி செய்து இறங்குகிற ஒரு குடும்பத்தின் கட்டில், பீரோவை ஏற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உன் வாப்பா வண்டியை எடுத்தார்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. மேலேயிருந்து எனக்கு போன் செய்தார்.

“ஏலே, கிரவுன் ஊளையிடுதுவே. பாரம் ஏத்தியாச்சு. வண்டியக் கீழ இறக்கலாமா, இல்ல இங்கனயே போட்டுட்டு பஸ்ஸுல வரட்டுமா?”

“மகன் கொண்டாந்த எண்ணெய்லா பாய்.”

சிரித்தார். “சரிவே, ஒத்துக்கிடுதேன். இனி உன் எண்ணெய்தான்.”

நான் கேட்க நினைத்தது அதுதான். கேட்டாயிற்று. வண்டியை அங்கேயே விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அதை உன் முன்னால், இந்தப் பட்டறையில் நின்று சொல்ல வேண்டும் போலிருந்தது. எண்ணெய் போதாத பேரிங் பாரத்தோடு இறக்கத்தில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கொதித்து, இறுகி, பின் சக்கரம் இரண்டையும் சட்டென்று பிடித்து நிறுத்தும். தெரிந்துதான் சொன்னேன். “பைய இறங்குங்க பாய். கீழ வந்து பாத்துக்கிடுவோம்.”

உன் டப்பாக்களை அப்புறம் ஐயம்பெருமாள் ஜீப்பில் ஊற்றினேன். வீணாக்க மனமில்லை. சத்தமே இல்லாமல் மலை ஏறுகிறது. உன் எண்ணெய்தான் சரி. இத்தனையும் சொன்னதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது இந்த ஒரு வரிதான்.

ஸ்டேஷனுக்குப் போகலாம், நானும் வருகிறேன். அதற்கு முன்னால் உம்மாவிடம் சொல்லிவிடு. ஒரே ஒரு உதவி மட்டும் செய் முஹ்சின். ஊரில் கேட்பார்கள். குமரவேல் வேண்டுமென்றே செய்தான் என்று தாராளமாகச் சொல். வேலை தெரியாமல் செய்துவிட்டான் என்று மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருப்பாயா?