பின்சீட்டுப் பாரம்

— மொழங்கைய ஊதிக்கிட்டு நிக்காதே அம்மணி. வண்டிய மொதல்ல ஓரங்கட்டு. தேங்கா லாரி வந்துச்சுன்னா நம்மள வழிச்சுத்தான் எடுக்கோணும்.

— ஓரங்கட்டிட்டனுங்க மாமா. உங்களுக்கு அடி ஏதாச்சும் பட்டுதுங்களா?

— எனக்கென்ன, உழுந்து பழகிட்டேன். போன ஞாயித்துக்கெழம ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. ரெண்டும் இதே வாய்க்கா வளைவு. செவப்புல எல்லுன்னு எழுதி ஒட்டிட்டா ஓட்டறவளாயிர முடியுமா அன்புச்செல்வி?

— பழகத்தானுங்க எல்லு.

— பழகுனது போதும். நர்சு வேலைய டவுனுக்குள்ளயே பாரு.

— டவுன்ல எடமில்லீங்க மாமா. இங்க ஏழு ஊருக்குச் சொட்டு மருந்து கொண்டு போகோணும். அதுல நாலு ஊருக்கு பஸ்ஸே கெடையாது. வண்டி ஓட்டத் தெரிஞ்சாத்தான் இந்த வேலைன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க.

— உன்ற ஊட்டுக்காரன் என்ன சொன்னான்? அதச் சொல்லு.

— இன்னொருக்காக் கீழ போட்டீன்னா வண்டிய வித்துப்போடுவேன்னாருங்க.

— போட்டுட்டே அல்லோ. நாம் போயிச் சொல்லத்தான் போறேன். அதுக்குத்தான் என்ற பையன் தமிழ்ச்செல்வன் என்னயப் பொறத்தால உக்கார வெச்சு அனுப்பறான். ஆசையா வாங்குன அவனே ஒருக்கா உழுந்துபோட்டு, ரெண்டு வருசமா இதத் தொடாம மில்லுக்கு பஸ்ஸுல போறான். நீ எந்த மூலைக்கு?

— மாமா, ஒண்ணு கேக்கறனுங்க. போன வாரம் போகையில இது எடது வளைவு. வண்டி எங்க போச்சுங்க?

— வலதுக்கு. எதுக்கால வந்த லாரிக்காரன் மூஞ்சிக்கு நேரா.

— இன்னைக்குத் திரும்பி வரையில வலது வளைவு. எங்க போச்சுங்க?

— எடதுக்கு. மண்ணுக்குள்ள. வளையலீன்னு சொல்லிப்போட்டுப் போ, அதுக்கெதுக்கு இத்தன கேள்வி?

— நான் வளைவுக்கு முன்னாலயே வேகத்தக் கொறச்சு ரெண்டாங் கியருக்கு வந்துட்டனுங்க. உள்ள நொழைஞ்ச பொறகு பிரேக்கத் தொடல. முன்சக்கரத்தயும் பாக்கல, வளைவு எங்க முடியுதோ அங்கயேதான் பாத்தேன். எல்லாம் ஹபீபுன்னிசாக்கா சொன்னபடிதானுங்க.

— அது யாரு?

— எங்க பெரிய நர்சுங்க. மூணு வருசமா ஓட்டறாங்க, ஒரு கீறல் இல்ல.

— அந்தம்மாளுக்குப் பொறத்தால நான் உக்காந்து பாத்தனா, என்னத்த நம்பறது? உன்ற வண்டி சாயறது எனக்குத்தான் தெரியும். நாம் புடிக்கலீன்னா இன்னும் மோசமாக் கவுந்திருப்பே.

— என்னத்தப் புடிச்சீங்க?

— நீ சாயறப்ப நான் மறுபக்கமாத் தள்ளி உக்காந்தனல்லோ. இந்த மருதாசலம் முப்பது வருசம் பாரவண்டி ஓட்டுனவன் அம்மணி. கரும்பு லோடு ஒரு பக்கம் சாஞ்சா ஆளு எதிர்ப்பக்கம் தொத்தோணும். இல்லீன்னா மாடு, வண்டி, கரும்பு அத்தனையும் வாய்க்காலுக்குள்ள.

— நீங்க சித்த இங்கயே நில்லுங்க மாமா. நான் ஒருத்தியா போயிட்டு வந்தர்றேன்.

— ஒருத்தியாவா? உழுந்தா?

— உழுந்தா வந்து தூக்குங்க.

— சொன்னாக் கேக்கற சாதியா இது. போ, போ. மண்ணுல ஏத்தாதே.

— வந்துட்டனுங்க மாமா. பாத்தீங்களா?

— பாத்தேன். போகையிலயும் வளைஞ்சுது, வரையிலயும் வளைஞ்சுது. அப்படிச் சாயறியே, ஆளு போச்சுன்னு நெனச்சேன்.

— சாஞ்சாத்தானுங்க வளையும். உங்க வண்டிக்குச் சக்கரம் பக்கத்துக்கு ஒண்ணு. சாஞ்சாக் கவுந்துரும். இதுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. நான் இந்தப் பக்கம் சாய, நீங்க அந்தப் பக்கம் இழுக்க, அது யாரு பேச்சுக்குப் போகுமுங்க?

— குத்தம் என்ற மேலதாங்கறே.

— நான் அப்படிச் சொல்லலீங்க.

— சொல்லாமச் சொல்றே. ஒருக்காக் கண்டத நான் நம்ப மாட்டேன். நீ தப்பிச்சது சும்மா அமைஞ்சதாக்கூட இருக்கும். நானும் ஏறறேன், மறுக்காப் போ.

— ஏறுங்க. ஆனா மூட்டையாட்டம் உக்காருங்க. நீங்களா ஒண்ணும் பண்ணாதீங்க. என்ற தோளுக்கு மேல, வளையற பக்கமாப் பாருங்க, அது போதும்.

— அறுவது வயசுல மூட்டையாகோணும்னு எழுதியிருக்குது. ஏறியாச்சு, எடு.

— இப்பவே கொறைக்கறனுங்க. ரெண்டாங் கியரு. ஆரன் அடிச்சாச்சு. அந்தப் பக்கத்துக்கு ஏற மாட்டேன், எதுக்கால யாரு வந்தாலும் நம்மளுக்கு வழியிருக்குது. இப்பச் சாயப் போறமுங்க.

— சாயுது அம்மணி. சாயுது.

— சாயட்டுமுங்க. நீங்களும் கூட வாங்க.

— ம்.

— வளைவு முடிஞ்சுதுங்க மாமா. கண்ணத் தொறங்க.

— தொறந்துதான் இருக்குது. நிறுத்து.

— ஏனுங்க, பயந்துட்டீங்களா?

— நிறுத்துன்னா நிறுத்து. நான் நடந்து வாரேன். நீ முன்னால போயி, சாவிய அவன் கையில குடு. ஒருக்கா இந்த வளைவு வரைக்கும் ஒருத்தனா ஓட்டிட்டு வரச் சொல்லு.

— அவரையா? அவருதான் தொடவே மாட்டாருங்களே. உழுந்ததச் சொல்லி வித்துப்போடச் சொல்லப் போறீங்கன்னல்ல நெனச்சேன்.

— நாஞ் சொல்றதுக்கு வேற சமாச்சாரம் இருக்குது அம்மணி. ரெண்டு வருசத்துக்கு முந்தி அவன் உழுந்தப்பவும் பொறத்தால உக்காந்திருந்தது நாந்தான்.