வந்துட்டே இருக்கோம்

அய்யோ, அதுல உக்காராதீங்கக்கா, அந்தக் கட்டிலுக்கு ஒரு கால் ஆடும். அது என்னோடது. இதுல உக்காருங்க, இதுதான் உங்க தம்பியோடது. போர்வையைப் பாத்தீங்களா, சனிக்கிழமை காலைல கிளம்பும்போது மடிச்சு வெச்சது, அப்படியே இருக்கு. நானும் கீழ நிக்கறவனும் இங்க வந்து ஒரு வருஷத்துல போர்வைன்னு ஒண்ணை மடிச்சதே இல்ல. அவன் தெனமும் மடிப்பான்.

போலீஸ் ஆபீஸர்தான் இப்ப போன்ல. அரை மணி நேரத்துல வர்றாராம். இல்ல இல்ல, பதறாதீங்க, புதுசா ஒண்ணும் சொல்லல. தேடிட்டுத்தான் இருக்காங்க, நாயெல்லாம் கூட்டிட்டுப் போயி. உங்க தம்பியோட போனை வாங்கிட்டுப் போகத்தான் வர்றாரு. ஆமா, உங்க கையில இருக்கே, அதான். அவர் வர்ற வரைக்கும் நீங்களே வெச்சிருங்க. எதுக்குக் கேக்கறாருன்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி மத்ததை முதல்லேருந்து சொல்லிடறேன். ஏர்போர்ட்ல கேட்டீங்க, வர்ற வழில கேட்டீங்க, நான்தான் மென்னு முழுங்கிட்டே வந்தேன்.

அவனுக்கு இங்க பேரு மேப்பு. உங்ககிட்ட சொன்னதில்லையா? வந்த முதல் வாரம், தெருமுனைல இருக்கற கடைக்குப் போயிட்டு வாடான்னா, பேப்பர்ல வழி வரைஞ்சு எடுத்துட்டு வந்து நிக்கறான். அன்னைக்கு வெச்சோம். கீழ வாசல்ல நிக்கறானே இன்னொருத்தன், அவன் தூங்குமூஞ்சி. ரயில்ல உக்காந்தான்னா அது நகர்றதுக்குள்ள குறட்டை வந்துரும். எனக்கா? எனக்கும் ஒரு பேரு உண்டு, உங்க தம்பி வெச்சதுதான். அது இப்ப வேண்டாம், அப்புறம் சொல்றேன்.

பரீட்சை முடிஞ்சுது, சனி ஞாயிறு பக்கத்து ஊரு ரெண்டைப் பாத்துட்டு வரலாம்னு மூணு பேரும் கிளம்பினோம். அவ்வளவுதான் விஷயம். இதுக்கு அவன் மூணு வாரம் திட்டம் போட்டான். எந்த ரயிலு, எத்தனையாவது பிளாட்பாரம், எங்க நின்னு போட்டோ எடுக்கணும், எல்லாம் பேப்பர்ல. முதல் ஊர்ல மணிக்கூண்டுக்கு முன்னாடி நிக்கறோம், இன்னும் ஏழு நிமிஷம்தான் இருக்கு, கிளம்பு கிளம்புங்கறான். எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. ஏண்டா, டூர் வந்தோமா பரேடு வந்தோமா, ஒரு நாளாச்சும் நீ இல்லாம நிம்மதியா சுத்தணும்டான்னேன். சிரிச்சுட்டுத்தான் சொன்னேன். அவனும் சிரிச்சான். ஆனா வாய்ல வந்தது வந்ததுதானேக்கா.

அங்கேருந்து ரெண்டாவது ஊருக்கு ரயில். நடுவுல ஒரு ஜங்ஷன்ல எட்டு நிமிஷம் நிக்கும். தண்ணி பிடிச்சிட்டு வர்றேன்னு மேப்பு இறங்கினான். போனை என் கையில குடுத்துட்டுப் போனான், ஏன்னா மூணு பேரோட டிக்கெட்டும் அதுலதான் இருக்கு. செக்கர் வந்தா காட்டுடான்னான். ஜாக்கெட்டை சீட்டுல போட்டுட்டு வெறும் சட்டையோட இறங்கினான். உள்ள ஹீட்டர் போட்டிருந்தாங்க, குளிரு தெரியல.

கதவு மூடற சத்தம் கேட்டுது. நான் ஜன்னல் பக்கம் போன் பாத்துட்டிருந்தேன். தலையைத் தூக்காமயே, எல்லாரும் ஏறியாச்சான்னு கேட்டேன். பின்னாடிலேருந்து ஏறியாச்சுன்னு குரல் வந்துச்சு. சொன்னது தூங்குமூஞ்சி, அதுவும் தூக்கத்துல. யாரு ஏறியாச்சு, எங்க ஏறியாச்சு, நான் கேக்கவும் இல்ல, திரும்பிப் பாக்கவும் இல்ல. வண்டி கிளம்பிருச்சு.

ஒரு விதத்துல பொய்யில்லக்கா, அவனும் ஏறித்தான் இருந்தான். ஸ்டேஷன் கேமராவுல இருக்கு. ரெண்டு கையிலயும் பாட்டிலோட ஓடி வந்து, மூடப் போற கதவுல, கடைசிப் பெட்டில குதிச்சிருக்கான். உள்ளயே நடந்து எங்ககிட்ட வந்துரலாம்னு நெனச்சிருப்பான். நடக்க வழி கிடையாது. அந்த ஜங்ஷன்ல ரயிலை ரெண்டாப் பிரிச்சுருவாங்களாம். முன்னாடி நாலு பெட்டி நாங்க போக வேண்டிய ஊருக்கு, பின்னாடி நாலு மலைப்பக்கம். எங்களுக்கெங்க தெரியும், அவங்க பாஷைல ஏதோ மைக்ல சொன்னாங்க. அவனுக்குத் தெரியும். அந்தப் பேப்பர்ல முன்பெட்டின்னு எழுதி, அடில கோடு வேற போட்டிருக்கான்.

அங்க செக்கர் வந்துருக்காரு. டிக்கெட் எங்கன்னா, என் கையில. அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுட்டாரு. ஸ்டேஷன்னா நம்ம நெனைக்கற மாதிரி இல்லக்கா. ஆளே கிடையாது. ஒரு ஷெட்டு, ஒரு பெஞ்சு, ஒரு கடியாரம். சுத்தி மரம், மரத்து மேல பனி.

ஊர் போய்ச் சேந்து பாத்தா ஆளக் காணோம். அடுத்த வண்டில வந்துருவான், மேப்பாச்சே, இவன் தொலைவானான்னு நாங்க சிரிச்சோம். அப்பதான் உங்க மெசேஜ் வந்துச்சு, போய்ச் சேந்தாச்சாடான்னு. நான் அவன் போன்லேருந்து வந்தாச்சுன்னு போட்டேன். ஆமாக்கா, அது நான்தான். ஏன் மறைக்கணும். நாங்க வந்து சேந்துட்டோம்ல, ஊர்ல இருக்கற உங்களை எதுக்கு பயமுறுத்தணும்னு பாத்தேன். சாயங்காலம் நீங்க கூப்பிட்டீங்க, எடுக்கல. சத்தமா இருக்கு, அப்புறம் பேசறேன்னு போட்டேன். சாப்பிட்டாச்சான்னீங்க. ஆச்சுன்னேன். ராத்திரி அவன் வரல. கோவிச்சுக்கிட்டு நேரா இந்த ரூமுக்கே திரும்பிப் போயிருப்பான்னு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கிட்டோம். ஞாயித்துக்கிழமை எழுந்தாச்சான்னு கேட்டீங்க, அதுக்கும் ஆச்சுதான்.

அதுக்கப்புறம்தானே நீங்க போட்டீங்க, இது யாருன்னு. ரெண்டே வார்த்தை. அப்புறம் நீங்க சொல்லித்தான் புரிஞ்சுது, அவன் ஒரு நாளும் ஆச்சுன்னு எழுத மாட்டானாம்ல. வந்துட்டேன்க்கா, சாப்ட்டுட்டேன்க்கா, இப்படித்தானாம்ல. வக்கீல் ஆபீஸ்ல பதினஞ்சு வருஷமா டைப் அடிக்கிற கண்ணு, தப்புமா. நாங்க கூட இருந்தவங்க, எங்களுக்குப் போலீசுக்குப் போகணும்னு தோணல. அங்கேருந்து நீங்க கண்டுபிடிச்சு கேட்டப்புறம்தான் ஓடினோம்.

அந்த ஜாக்கெட்டைப் பாக்காதீங்கக்கா. எடுத்து உள்ள வெச்சிருக்கணும், நான்தான் அப்படியே கொக்கில மாட்டிட்டேன். தொட மனசு வரல.

இப்ப ஆபீஸருக்குப் பிடிபடாதது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஸ்டேஷன்ல திரும்பி வர்ற ரயிலு ரெண்டு நின்னுருக்கு. மூணு பத்துக்கு ஒண்ணு, அஞ்சு பத்துக்கு ஒண்ணு. உங்க தம்பி பிளாட்பாரத்துல கடியாரத்துக்குக் கீழ நிக்கறான், கையைக் கக்கத்துல வெச்சிட்டு. கதவு திறக்குது, ஒவ்வொரு கதவா எட்டிப் பாக்கறான், திரும்பி வந்து அதே இடத்துல நிக்கறான். ரெண்டுலயும் ஏறல. அதுக்கப்புறம் அன்னைக்கு வண்டியே இல்ல. இருட்டற நேரத்துல மெதுவா ரோட்டுப் பக்கம் நடந்து போறான். அதோட கேமரா முடிஞ்சுது.

டிக்கெட் இல்லாம மறுபடி இறக்கி விட்ருவாங்கன்னு பயந்துருப்பான்னு, வர்ற வழில போலீஸ் ஸ்டேஷன்ல இறங்கினப்ப ஆபீஸர் சொன்னாரு. நீங்களும் தலையாட்டினீங்க. என் தம்பி தப்பு தண்டாவுக்குப் போகமாட்டான்னு அழுதீங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.

அது இல்லக்கா.

அதே கேமராவுல, நாய் கூட்டிட்டு வந்த ஒரு பெரியம்மாகிட்ட போன் வாங்கி அவன் பேசறதும் இருக்காம். யார்கிட்ட பேசினான்னு பாக்கத்தான் இதை வாங்க வர்றாங்க. இந்த ஊர்ல அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் ஒண்ணுதான் இருக்க முடியும், அவனோட நம்பர். நீங்க மெசேஜையே திருப்பித் திருப்பிப் படிக்கறீங்க. அதை மூடுங்க. கீழ ஓரத்துல போன் படம் இருக்குல்ல, அதைத் தொடுங்க. சனிக்கிழமை, ரெண்டு நாப்பது. பேரில்லாத நம்பர். ஒரு நிமிஷம் பத்து செகண்டு.

நான்தான் எடுத்தேன். தூங்குமூஞ்சிக்குக் கூடத் தெரியாது, அவன் பெஞ்சுல கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தான். மேப்பு ஸ்டேஷன் பேரை எழுத்து எழுத்தா சொன்னான். போலீஸ்ல ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பேரைச் சொல்லல, ஜங்ஷன்ல விட்டுட்டோம்னு மட்டும்தான் சொன்னேன். அவங்க கேமராவுல தேடிக் கண்டுபிடிக்க திங்கக்கிழமை சாயங்காலம் ஆயிருச்சு. குளுருதுடா, டிக்கெட்டையும் ஜாக்கெட்டையும் எடுத்துட்டு வாங்கடான்னான். நான் அந்த ரெண்டாவது ஊர்ல படகு சவாரிக்கு வரிசைல நிக்கறேன்க்கா, முன்னாடி பத்து பேருதான் இருக்காங்க. வந்துட்டே இருக்கோம்டா, அங்கேயே நில்லு, எங்கயும் போயிராதன்னு சொல்லி வெச்சுட்டேன். எல்லாரும் சொல்றதுதானே, குளிக்கவே போகாம வந்துட்டே இருக்கேன்னு சொல்றதில்லையா நாம. பத்து நிமிஷம் நின்னு பாப்பான், அடுத்த வண்டில ஏறி அவனே வந்துருவான்னுதான் நெனச்சேன். சத்தியமா அதைத்தான் நெனச்சேன்.

என் பேரு கேட்டீங்கல்ல. எனக்கு அவன் வெச்ச பேரு ‘இதோ’. எப்பக் கூப்பிட்டாலும் இதோ வந்துட்டேன்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வருவேன், அதுக்காக வெச்சான். என் பேச்சை நம்பக் கூடாதுன்னு பேரே வெச்சவன்க்கா அவன். அவனே நம்பி நின்னுருக்கான்.

பெல் அடிக்குது. நீங்க எந்திரிக்காதீங்க, நான் போய்த் திறக்கறேன். இதோ வந்துட்டேன்.