தவமணி அக்காவின் கேசட்

— டம் டம்முன்னு ஏன்க்கா இந்த அடி? ஷட்டரே பேந்து விழுந்துரும் போல!

— தொறங்க பாய்! அவசரம்!

— இன்னைக்கு வெள்ளிக்கிழமை லா. தொழுகை முடிஞ்சு இப்பத்தான் பின்வாசலால உள்ள வந்தேன். இருங்க, தூக்கறேன்... ம், வாங்க. என்ன, வீடு பத்திக்கிச்சா?

— ஒரு கேசட் பதிஞ்சு தரணும். பழைய பாப், ராக். அறுபதுகள்ல வந்த பாட்டு. அஞ்சு மணிக்குள்ள வேணும்.

— உக்காருங்க. பேரு?

— தவமணி. எழுதிக்கிட்டு நிக்காதீங்க, வேலைய ஆரம்பிங்க.

— ரசீதுக்குப் பேரு வேணுமே. யாருக்குப் பாட்டு?

— எங்க வீட்டுக்கு. ஜெலுத்தோங் ஃப்ளாட்ல நாலு பொண்ணுங்க ஒண்ணா இருக்கோம். நான், என் தங்கச்சி புஷ்பராணி, நோர்மா, ரோஹானா. ஒருத்திக்கும் கல்யாணம் ஆகல. ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்கு ஆகப் போகுது. இன்னைக்கு ஆறு மணிக்கு எங்க கடைசிப் பார்ட்டி.

— அப்ப நல்ல காதல் பாட்டா நாலு...

— காதலா? அது எங்க வீட்டுல ஆகாது பாய். சட்டமே போட்டிருக்கோம். அழற பாட்டு, காத்துக்கிட்டிருக்கற பாட்டு, ஜன்னல் வழியா நிலாவைப் பாக்கற பாட்டு... ஒண்ணும் கூடாது. ட்ரம் அடிக்கணும், கித்தார் அலறணும், ஆடணும்.

— சட்டம் யாரு போட்டது?

— நான்தான்.

— அதானே பாத்தேன். சரி, எந்தெந்தப் பாட்டு?

— இந்தாங்க. லிஸ்ட் கேசட் அட்டையிலேயே இருக்கு. பன்னெண்டு பாட்டு. இதே வரிசை, இதே கேசட்.

— இது பழசா இருக்கே. மை கூட மங்கிப் போச்சு. புதுக் கேசட்ல போடறேன், சத்தம் கணீர்னு...

— இதுலதான் போடணும்.

— ரெண்டு பக்கமும் பின்னால இருக்கற சின்னத் துண்டை ஒடைச்சு வச்சிருக்கீங்க. அத ஒடைச்சா மேல எதுவும் பதிய முடியாதுன்னு தெரியுமில்ல?

— அது... தானா ஒடைஞ்சிருக்கும்.

— ரெண்டு பக்கமும் தானா?

— பாய், ஓட்டை மேல செலோடேப் ஒட்டினா பதியலாம்னு எனக்கும் தெரியும். ஒட்டுங்க.

— ஒட்டறேன், ஒட்டறேன். மொதல்ல ஓடுதான்னு பாக்கணும். போட்டுப் பாக்கறேன்...

— வேணாம்! போடாதீங்க!

— போட்டாச்சே. ...இது பாட்டு இல்லியே. யாரோ ஒருத்தர் பேசறாரு.

— நிறுத்துங்க.

— பனி கொட்டுதுங்கறாரு...

— ரேடியோ நாடகம்! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!

— நிறுத்திட்டேன். கத்தாதீங்கக்கா. ஆனா நாடகத்துல ‘தவம், தவம்’னு எதுக்குக் கூப்பிடறாங்க?

— கேசட்ட இப்படிக் குடுங்க பாய்.

— டேப் ஒரு எடத்துல மட்டும் சுருங்கிக் கெடக்கு. பின்னால சுத்திச் சுத்தி அந்த எடத்தையே கேட்டா இப்படித்தான் ஆகும். நூறு தடவ இருக்குமா?

— மிஷின் மோசம்.

— ம். மிஷின்.

— சிரிக்காதீங்க பாய். எழுபத்தேழுல வந்த கேசட். எனக்குன்னு இருந்த ஒருத்தரு, கடுதாசிக்குப் பதிலா பேசி அனுப்பினாரு. ஒரு வருஷத்துல கடுதாசியும் நின்னு போச்சு, பேச்சும் நின்னு போச்சு. அவ்வளவுதான். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது.

— இயர்ஃபோன் மாட்டிக் கேட்டீங்களாக்கும்?

— ‘என்னக்கா கேக்கறே, எனக்கும் குடு’ன்னு புஷ்பா உயிர எடுப்பா. சின்னப் பொண்ணு அப்ப. பழைய ராக் பாட்டு, உனக்குப் புரியாதுன்னு சொல்லி வச்சேன். அவ நம்பணும்னு அட்டையில பாட்டுப் பேரா எழுதினேன். உங்க கடைச் செவத்துல ஒட்டியிருந்த லிஸ்ட்டப் பாத்துத்தான்.

— அது எங்க வாப்பா கையெழுத்துல்ல! அப்ப இந்தப் பாட்டெல்லாம் நீங்க...

— ஒண்ணு கூடக் கேட்டதில்ல.

— ஒன்பது வருஷமா?

— இன்னைக்குக் காலையில வந்து நிக்கறா. ‘அக்கா, உன் கேசட்டை இன்னைக்காவது சத்தமாப் போடு. எல்லாரும் ஆடுவோம். போகும்போது எனக்கே குடுத்துரு’ங்கறா. ஆறு மணிக்கு அந்தக் கேசட் பாடணும் பாய். ஒரு வார்த்தை மிஞ்சக் கூடாது.

— அழிச்சா அழிஞ்சதுதான். அப்புறம் வந்து என் சட்டையப் பிடிக்கக் கூடாது.

— அழிங்க லா!

— சரி. ரெக்கார்டு தேடணும், தூசி தட்டணும். நீங்க முக்கு டீக்கடையில ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்க. இருவது நிமிஷம்.

— இருவதா? நான் இங்கயே நிக்கறேனே...

— நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது. போங்கக்கா.

*

— அக்கா, நடக்காதீங்க.

— நான் எங்க நடந்தேன்?

— வந்ததுல இருந்து அப்படியும் இப்படியும் நடக்கறீங்க. பலகைத் தரை. ஒவ்வொரு அடிக்கும் ஊசி குதிக்குது. உங்க செருப்புச் சத்தமே பாட்டுல ட்ரம் மாதிரி விழப் போகுது.

— எத்தனாவது பாட்டு?

— ஏழு. இதுல ஒரு சிக்கல் இருக்கு.

— என்ன? குரல் வருதா? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல வருதா?

— அதெல்லாம் வராது. அழிச்சுக்கிட்டேதான் பதியும். இந்த ஏழாவது பாட்டு... இது அழற பாட்டு.

— என்னது?

— ரயில் நிலையத்துல ஒருத்தி காத்துக்கிட்டே நிப்பா. அவன் வரவே மாட்டான். எங்க வாப்பாவே கண்ணத் தொடச்சிக்குவாரு.

— ஐயோ! அதுதான் இருக்கறதுலயே பயங்கரமான ஆட்டப் பாட்டுன்னு நோர்மாகிட்ட அளந்து வச்சிருக்கேனே!

— வேற பாட்டு போட்டுரவா?

— அட்டையில மையால எழுதியிருக்கே. புஷ்பாவுக்கு லிஸ்ட் மனப்பாடம்.

— ஒரு வழி இருக்கு. மெதுவா சுத்தற ரெக்கார்டு இது. வேகத்தைக் கூட்டி விட்டா காத்துக்கிட்டிருக்கறவ எலிக் குஞ்சு மாதிரி கத்துவா. யாரும் அழ மாட்டாங்க.

— ...செய்ங்க.

— இப்பத்தான் லா சிரிக்கறீங்க. மாப்பிள்ளை எப்படி? நல்லவரா?

— படிச்சவர். வெளிநாட்டுல இருந்துட்டு வந்திருக்கார்.

— பாத்துப் பேசினீங்களா?

— பெரியவங்க பேசி முடிச்சது. புஷ்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஊசியப் பாருங்க பாய்.

— ஊசி நல்லாத்தான் இருக்கு. அக்கா, நடக்காதீங்க.

*

— நாலரை. முடிஞ்சது. எங்க வேணும்னாலும் போட்டுப் பாருங்க.

— ஆரம்பத்துல போடுங்க. ...சரி. இப்ப நடுவுல... அந்தச் சுருங்கின எடம்.

— அங்க ட்ரம் கொஞ்சம் வழுக்கும். ஆடறவங்களுக்குத் தெரியாது.

— ஒரு வார்த்தை கூட இல்ல.

— சொன்னேனே.

— ம். நல்லா இருக்கு. நல்ல பாட்டுதான் எழுதி வச்சிருக்கேன். ...அப்ப நான் வரேன் பாய். ரொம்ப நன்றி.

— அக்கா, ஒரு நிமிஷம். இதையும் எடுத்துக்குங்க.

— இது என்ன? நான் ஒண்ணுதானே குடுத்தேன்?

— ரெக்கார்டு எல்லாம் கைக்கெட்டற எடத்துலதான் இருந்துச்சு. இருவது நிமிஷம் தேட வேண்டிய அவசியமே இல்ல. அழிக்கறதுக்கு முன்னால அந்தக் குரல இதுல எடுத்து வச்சேன். மேல பேரு கீரு எழுதல. ஒன்பது வருஷம் கேட்டத ஒரே நாள்ல எப்படிக்கா... மனசு கேக்கல. கோவமா?

— கோவம் இல்ல பாய். அதையும் அழிச்சிருங்க. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி கழுத்துல தாலி கட்டப் போறவரு அவருதான்.