மேடையில் சாக மறுத்தவர்கள்

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். வெளிநாட்டில் வீட்டு வேலை பார்த்துவிட்டு முந்தின நாள்தான் ஊர் வந்தவள், தோழியிடம் சொன்னாள்:

"சாக மாட்டோம்னு சொல்லிட்டோம்ட்டி."

"எதுலட்டி?"

"லீவு நாள்ல வேலைக்காரிங்க எங்கள வச்சு ஒரு ஓபரா போட்டாங்க. பாட்டாவே பாடி நடிக்குத பழைய நாடகம். பிள்ளைய அடுத்தவ கையில குடுத்துட்டு தாய்க்காரி செத்துப்போவா. அங்கன செத்தா பொணத்த ஊருக்கு அனுப்ப யாரு அலைவான்னு கேட்டோம்."

"பெறவு?"

"கதைய மாத்திட்டோம். தாய்க்காரி ஊருக்கு வருதா. பிள்ள ஓடி வந்து கட்டிக்கிடுது. எல்லாரும் எந்திச்சு கை தட்டினாங்க."

"ஒம் மகளும் நேத்து ஓடி வந்தாளாட்டி?"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது.

"அவள வளக்குத எங்க அக்கா சேலைக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டா."